காலையில் அரைத்த சட்னி எத்தனை நேரம் தாங்கும்?



போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக மலைமேல் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற குடும்பங்கள் நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஏராளம். இந்தப் பாடம் முக்கியமாக அவர்களுக்காக.

விடியுமுன்னே எழுந்து இட்லி அவிக்கிறீர்கள். ஒரு முழுத் தேங்காயைத் துருவிச் சட்னி அரைக்கிறீர்கள். பாதியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு ஜீப் ஏறுகிறீர்கள். மீதியை அடுப்படியில் மூடி வைத்து, "அப்பத்தா, பிள்ளை பசின்னா இட்லிக்குத் தொட்டுக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். சின்னது எட்டு மணிக்குச் சாப்பிடும், பதினோரு மணிக்கு மறுபடி கேட்கும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற மூத்ததும் நாலு மணிக்கு அதையே வழித்துத் தொட்டுக்கொள்ளும். ராத்திரி ஒன்றுக்கு வாந்தி, இன்னொன்றுக்கு வயிற்றாலே போகிறது. "வெயில் சூடு", "கண்ணு பட்டிருக்கு" என்கிறோம். அடுப்படியில் இருந்த கிண்ணத்தை யாரும் நினைப்பதில்லை.

தேங்காய்ச் சட்னி ஏன் இத்தனை சீக்கிரம் கெடுகிறது? அதை நாம் வேக வைப்பதில்லை. தேங்காயும் பொட்டுக்கடலையும் நமக்குச் சத்து, கிருமிக்கும் சத்து. ஈரம் நிறைய, புளிப்பு குறைவு. துருவிய கையிலிருந்தும், ஊற்றிய பச்சைத் தண்ணீரிலிருந்தும், மிக்ஸி ஜாரின் கத்திக்கு அடியில் ஒட்டிய பழைய அழுக்கிலிருந்தும் கிருமி வந்து சேரும். நம் ஊர் வெயிலில் அது மளமளவென்று பெருகும். மேலே கடுகு தாளித்துக் கொட்டினால் வாசம் வரும், காவல் வராது. ஆகவே வெளியில் வைத்த தேங்காய்ச் சட்னியை 2 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். கோடை வெயிலில் 1 மணி நேரமே கணக்கு.

"வாடை ஒண்ணும் வரலையே" என்பீர்கள். சட்னி நூல் விட்டு, புளித்து, ஊசிப்போன பிறகுதான் மூக்குக்குத் தெரியும். கேடு அதற்கு முன்னாலேயே வந்திருக்கலாம். கையில் புண்ணோ கொப்புளமோ உள்ளவர் அரைத்தால் அதிலிருந்து இறங்கும் ஒருவகைக் கிருமி, உணவில் நஞ்சைக் கக்கும். அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. திரும்பச் சூடு பண்ணினால் கிருமி சாகும், அது கக்கிய நஞ்சு போகாது. "மலையில குளிர்தானே, கெடாது" என்பதும் சரியில்லை. ஜீப்புக்குள் ஆள்மேல் ஆளாக இடித்துக்கொண்டு போகிற தூக்குவாளி குளிர்ப்பெட்டி ஆகிவிடாது.

அப்படியானால் எதை எடுத்துப்போவது? வறுத்து அரைத்த இட்லிப்பொடிதான் முதல் தரம். ஈரம் இல்லாததால் காய்ந்த டப்பாவில் வாரக்கணக்கில் இருக்கும். சாப்பிடும்போது எண்ணெய் குழைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்கு மிளகாய் குறைத்த பருப்புப்பொடி போதும். அடுத்தது தக்காளித் தொக்கு. தக்காளி விலை இறங்குகிற நாளில் நாலு கிலோ வாங்கி, புளியும் உப்பும் போட்டு, தண்ணீர் முழுக்க வற்றி எண்ணெய் பிரிகிற வரை கிளறுங்கள். ஆறியதும் கொதிநீரில் கழுவிக் காய்ந்த பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாகத் தாங்கும். தேவையானதை மட்டும் காய்ந்த கரண்டியால் எடுங்கள். ஈரக் கரண்டி ஒன்று போதும், பாட்டில் முழுக்கப் பூசணம் பூக்க. புளிப்பானதை அலுமினியப் பாத்திரத்தில் வைக்க வேண்டாம், அரித்துவிடும்.

பச்சைப் பூண்டை அரைத்து, மேலே எண்ணெய் ஊற்றி வெளியிலேயே வைக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு. எண்ணெய் காற்றை மறைக்கும். காற்று இல்லாத இடத்தில்தான் மிகக் கொடிய கிருமி ஒன்று வளரும். அந்தச் சட்னி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும், மூன்று நாளில் முடியட்டும்.

ஃபிரிட்ஜ் இருந்தால் தேங்காய்ச் சட்னியையும் மறுநாள் வரை வைக்கலாம். ஆனால் அரைத்த உடனே, தாளிக்காமல், மூடி உள்ளே வையுங்கள். எல்லோரும் தொட்டுக்கொண்ட மிச்சத்தை உள்ளே வைத்துப் பயனில்லை. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள், நாலு மணி நேரம் வரை குளிர் நிற்கும்.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை. ஒருவர் வேலைக்குப் போய் ஒருவர் வீட்டில் இருக்கிற நாளில், பிள்ளை சாப்பிடும் நேரத்துக்கு அரை மூடித் தேங்காயைத் துருவி, காய்ச்சி ஆறிய தண்ணீர் விட்டு, நீங்களே அரைத்துக் கொடுங்கள். பத்து நிமிஷ வேலை. முழுத் தேங்காயையும் ஒரே நேரத்தில் அரைப்பதே மனைவிக்கு மறுபடி நேரம் இல்லாததால்தான். இருவரும் மலைக்குப் போகிற நாளில் அப்பத்தாவிடம் பொடி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அப்படியும் பிள்ளைக்கு வயிற்றாலே போனால், பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். 1971-இல் வங்கதேச அகதி முகாம்களில் காலரா பரவியபோது எத்தனையோ உயிர்களைக் காத்தது இந்த மாதிரிக் கரைசல்தான். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு ஆறு சமதேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடிவிடக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். துத்தநாக மாத்திரையை, வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சேர்த்து, மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும். அளவைக் கிராம சுகாதார செவிலியர் சொல்வார். பொட்டலமும் மாத்திரையும் அவரிடம் இலவசம்.

கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, குடித்ததெல்லாம் வெளியே வந்தாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.