செத்த மீனைக் கொண்டுவர வேண்டாம்

கெண்டைக் குளத்தில் மீன்கள் கரையோரம் ஒதுங்குகின்றன, கல்லிலும் வலையிலும் உடம்பை உரசுகின்றன. ஏரேட்டர் ஓடியும் மாற்றமில்லை. ஒட்டுண்ணியாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்ததும் பண்ணையாளர் பலர் கேட்பது, “பிசிஆர் (டிஎன்ஏ சோதனை) எடுத்துப் பார்த்துவிடலாமா?” விலை கூடிய சோதனையே உறுதியான சோதனை என்ற எண்ணம். கட்லா, ரோகு, மிர்கால் குளங்களுக்கு நான் சொல்வது: முதலில் நுண்ணோக்கி.

மீன் பேனும் நங்கூரப் புழுவும் வெறுங்கண்ணுக்கே தெரியும். அவற்றுக்குச் சோதனைக்கூடச் செலவு வேண்டாம்.

மற்றவற்றுக்கு, தோலின் சளியைக் கொஞ்சம் வழித்தெடுங்கள். செவுள் இழையில் ஒரு நுனியைக் கத்தரியுங்கள். ஸ்லைடில் வைத்துக் குளத்து நீர் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பால் மூடினால் போதும். பற்சக்கரம் போன்ற வளையத்தோடு சுற்றிக்கொண்டே நகர்ந்தால் டிரைகோடைனா. உருண்டை உடலுக்குள் குதிரை லாடம் போல உட்கரு தெரிந்தால் வெண்புள்ளி நோய். செவுளில் நெளியும் புழுவின் தலையில் நான்கு கண்புள்ளிகள் இருந்தால் டாக்டிலோகைரஸ். கண்புள்ளி இல்லாமல், வயிற்றுக்குள் கொக்கியோடு குட்டி தெரிந்தால் கைரோடாக்டிலஸ். இந்த வித்தியாசம் முக்கியமானது. முதல் புழு முட்டையிடும். முட்டை மருந்துக்கு எளிதில் சாகாது. அது பொரிந்தபின் மறுபடியும் மருந்து கொடுக்க வேண்டும். இரண்டாவது குட்டி போடுவது, முட்டைத் தொல்லை இல்லை. பத்து நிமிடப் பார்வையில் மருந்து அட்டவணையே முடிவாகிவிடுகிறது.

ஆனால் இந்தச் சோதனைக்கு உயிருள்ள மீன் வேண்டும். ஐஸில் வைத்துக் கொண்டுவரும் செத்த மீனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். மீன் செத்ததுமே டிரைகோடைனா போன்றவை அதை விட்டுக் கழன்றுவிடும். ஸ்லைடில் வெறும் சளிதான் மிஞ்சும். நோய்க்குறி உள்ள நாலைந்து மீன்களைக் குளத்து நீரோடு, ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பையில் கொண்டு வாருங்கள்.

செவுளில் குண்டூசித் தலை அளவு வெள்ளைக் கட்டிகள் இருந்தால் ஒன்றை நசுக்கி 400 மடங்கில் பார்க்கலாம். மிக்ஸோபோலஸ் என்ற ஒட்டுண்ணியாக இருந்தால், அதன் வித்துக்குள் ஒரே முனையில் இரண்டு உறைகள் தெரியும். ஒட்டுண்ணி உடலுக்குள், சிறுநீரகம் போன்ற உறுப்பில் ஒளிந்திருந்தால் திசுச்சீவல் சோதனை தேவை. முடிவு வரச் சில நாட்களாகும். ஆனாலும் ஒட்டுண்ணி எங்கே இருக்கிறது என்பதோடு, திசுவை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்றும் காட்டுவது இதுதான். அந்த உறுப்பை மெல்லிய துண்டுகளாக வெட்டி, அவற்றைப்போல் பத்து மடங்கு அளவுள்ள 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் போடுங்கள்.

பிசிஆர் எதைத் தேடச் சொன்னோமோ அதை மட்டுமே தேடும். டாக்டிலோகைரஸுக்கான பிரைமரைப் போட்டால் டிரைகோடைனா குவிந்து கிடந்தாலும் “இல்லை” என்றே முடிவு வரும். ஒட்டுண்ணி உயிரோடு இருந்ததா என்பதையும் அது சொல்லாது. நோய்க்குறி தெரியாத நிலையில் மிகச் சிறு தொற்றைப் பிடிக்கவும், உருவத்தால் பிரிக்க முடியாத இனங்களை அடையாளம் காணவும் அதற்கு ஈடில்லை.

குஞ்சு வாங்கும்போது பலர் இரண்டு மூன்றைச் சோதித்துத் திருப்தியடைகிறார்கள். நூற்றில் ஐந்து குஞ்சுகளில் தொற்று இருந்தால், 95 சதவீத உறுதியோடு அதைக் கண்டுபிடிக்கச் சுமார் 60 குஞ்சுகளைப் பார்த்தாக வேண்டும். அத்தனைக்கும் பிசிஆர் செலவு கட்டாது என்றால், வாங்கியதைத் தனித்தொட்டியில் சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறை சளியும் செவுளும் பாருங்கள்.

பிசிஆருக்கு அனுப்பும் துண்டு 95 சதவீத எத்தனாலில் போக வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.