லயக் காம்பராவில் படுக்கும் இடத்தை ஒழுங்கு செய்வோம்



"பத்தடி பன்னிரண்டடி காம்பராவுல என்னங்க அலங்காரம்?" என்று சிலர் சிரிக்கலாம். அலங்காரம் என்றால் பூச்சாடியும் படமும் மட்டும் அல்ல. மலையில் நின்று வருகிறவருக்கு நல்ல தூக்கம், படிக்கிற பிள்ளைக்கு வெளிச்சம், வயசுக்கு வந்த பிள்ளைக்கு மறைவு. இந்த மூன்றும் கிடைத்தால் அதுவே நல்ல அலங்காரம்.

முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயத்தில் பின்சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். அதில் ஜன்னல் வைக்க முடியாது. கூரை பின்சுவர்ப் பக்கம் உயர்ந்து, இஸ்தோப்புப் பக்கம் சரிந்து வரும். வாசல் ஒன்றுதான். இதை மனசில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம்.

1. அளவு பாருங்கள்
கட்டிலை அங்கேயும் இங்கேயும் இழுத்து முதுகை ஒடிக்க வேண்டாம். மூன்றடிக்கு ஆறடிக் கட்டில் என்றால், அந்த அளவைத் தரையில் சோக்கால் கோடு போட்டுப் பாருங்கள். வாசலுக்குப் போகிற வழி இரண்டடியாவது வெறுமையாக இருக்கட்டும்.

2. இடத்தைப் பிரியுங்கள்
ஜன்னலடி பிள்ளையின் படிப்புக்கு. ஒரு பலகையும் பெட்டியும் போதும். கட்டில் பக்கச் சுவரோரம். பெட்டி, மூட்டை எல்லாம் உயர்ந்த பின்சுவரில் பலகை அடித்து மேலே ஏறட்டும்.

3. ஈரத்தைக் கவனியுங்கள்
விடியற்காலையில் தகரத்திலிருந்து சொட்டுவது எல்லாம் மழை ஒழுக்கு அல்ல. நம் மூச்சிலும் சமையல் ஆவியிலும் உள்ள ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகிறது. படுக்கும்போதும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். நனைந்த படங்கை உள்ளே காயப் போடாதீர்கள். வெயில் கண்ட நாளில் மெத்தையையும் கம்பளியையும் வெளியே போடுங்கள்.

4. சுண்ணாம்பு அடியுங்கள்
வெள்ளைச் சுவர் ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே வரை கொண்டு போகும். சுண்ணாம்பு பூஞ்சணத்தையும் தடுக்கும். அடிக்கும்போது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

5. மறைவு கட்டுங்கள்
இரண்டு ஆணி, ஒரு கம்பி, ஒரு பழைய சேலை. பிள்ளைக்குத் தனி மூலை கிடைத்துவிடும். மேலே ஓரடி இடைவெளி விடுங்கள், காற்று போகட்டும். ஆனால் திரைக்குப் பக்கத்தில் விளக்கு, அடுப்பு, மெழுகுதிரி, நுளம்புச் சுருள் எதுவும் வேண்டாம். லயத்துக்கு ஒரே கூரை. ஒரு காம்பராவில் பிடித்த தீ அடுத்த காம்பராவுக்கும் ஓடும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கடிதங்களை ஒரு பையில் போட்டு வாசலோரம் ஆணியில் மாட்டுங்கள். அவசரத்தில் பிள்ளைகளோடு அதுவும் வெளியே வந்துவிடும்.

சுவரை உடைப்பது, கூரைத் தகரத்தை மாற்றுவது என்றால் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்
அ. இருட்டில் படுக்கையிலிருந்து வாசலுக்குத் தடுக்காமல் போக முடிகிறதா?
ஆ. பிள்ளையின் புத்தகத்தில் பகல் வெளிச்சம் விழுகிறதா?
இ. திரைக்கும் நெருப்புக்கும் எவ்வளவு தூரம்?

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லாரும் சேர்ந்து சோக்குக் கோடு போடுங்கள். பிள்ளைகளின் யோசனையையும் கேளுங்கள். அந்த மூலையில் உட்கார்ந்து படிக்கப் போகிறது அவர்கள்தானே.