போர் தண்ணீர் மீது விழும் பழிகள்

சென்னையின் தென்புறநகரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் வாடகை, அட்வான்ஸ் பேசி முடித்த கையோடு கேட்பது, “தண்ணி எப்படி? நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?” என்றுதான். தாம்பரம், மேடவாக்கம் பக்கம் இன்னும் பல வீடுகள் போர் தண்ணீரையே நம்பியிருக்கின்றன. மண்ணிலும் பாறையிலும் இருந்து கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்து வருவதால் அது கடினநீர். அதனால் வரும் தொல்லைகள் உண்மை. ஆனால் அதன் தலையில் கட்டும் பழிகள் எல்லாம் உண்மையல்ல. தவறான பயத்தால் தவறான இடத்தில் பணம் போகிறது.

நம்பிக்கை: கடினநீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும்.

உண்மை: குழாய் வாயில் படியும் வெள்ளைக் காரையைப் பார்த்து, வயிற்றுக்குள்ளும் இப்படித்தான் படியும் என்று பயப்படுகிறோம். பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. உணவோடு சேரும் கால்சியமோ ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்ற உதவுகிறது. போதுமான அளவு தண்ணீர் குடிக்காததும் உணவில் உப்பு கூடுவதும்தான் கல்லுக்கு முக்கியக் காரணங்கள். கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த உச்சவரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. ஏற்கெனவே கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு நடப்பதே சரி. கிருமி, நைட்ரேட், ஃபுளோரைடு வேறு கணக்கு. அவற்றுக்குத் தனியே சோதனை வேண்டும்.

நம்பிக்கை: கரிக்காத தண்ணீர் நல்ல தண்ணீர், டி.டி.எஸ். மீட்டர் எண்ணைப் பார்த்தால் கடினத்தன்மை தெரிந்துவிடும்.

உண்மை: நாக்கில் கரிப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பு. டி.டி.எஸ். மீட்டர் கரைந்துள்ள எல்லா உப்புகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும். அதில் கால்சியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு பாட்டில்களில் பாதியளவு போர் தண்ணீரும் மழைநீரும் எடுத்து, சாதாரணக் குளியல் சோப்புச் சீவலைச் சம அளவு போட்டுக் குலுக்குங்கள். மழைநீரில் நுரை பொங்கி நிற்கும். கடினநீரில் நுரை எழும்பாமல் நீர் பால்போல் வெளுத்து, தயிர் திரிந்தாற்போல் துணுக்குகள் மிதக்கும். பக்கெட் விளிம்பில் ஒட்டுகிற பிசுக்கும் அதுதான்.

நம்பிக்கை: காய்ச்சினாலோ படிகாரம் போட்டாலோ கடினத்தன்மை போய்விடும்.

உண்மை: காய்ச்சினால் பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி மட்டும் அடியில் படியும். சல்பேட், குளோரைடாக இருப்பது அப்படியே நிற்கும். படிகாரமும் தேத்தாங்கொட்டையும் கலங்கலைத் தெளியவைக்கும். கரைந்த உப்பைத் தொடாது.

நம்பிக்கை: முடி கொட்டுவதற்குக் காரணம் இந்தத் தண்ணீர்தான்.

உண்மை: சோப்புப் பிசுக்கு படிந்து முடி வறண்டு சொரசொரப்பாகலாம். வேரோடு கொட்டுவதற்குப் பரம்பரை, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, காய்ச்சல், பிரசவம் என்று வேறு காரணங்கள் இருக்கலாம். தண்ணீரைப் பழித்துக்கொண்டே மருத்துவரைப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து. தோல் அரிப்பும் அப்படித்தான். 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளில் வீட்டில் கடினநீரை மென்னீராக்கும் சாஃப்ட்னர் பொருத்தப்பட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

நம்பிக்கை: சாஃப்ட்னரும் ஆர்.ஓ.வும் ஒன்றுதான்.

உண்மை: சாஃப்ட்னர் கால்சியம், மக்னீசியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. குளியலறைக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது நல்லது. கிருமியை அது நீக்காது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த நீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது. ஆர்.ஓ. பெரும்பாலான உப்புகளை நீக்கும், ஆனால் கணிசமான நீரைக் கழிவாகத் தள்ளும். அதைச் சமையலறையோடு நிறுத்துங்கள்; கழிவு நீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பிடித்து வையுங்கள்.

நம்பிக்கை: வெள்ளைக் கறைக்கு ஆசிட்தான் தீர்வு.

உண்மை: ஆசிட் கறையோடு குழாயின் பளபளப்பையும் அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும். வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையை ஷவர் தலையில் சிறிது நேரம் கட்டிவைத்துத் தேய்த்தாலே துளைகள் திறக்கும். நீர் சூடேறச் சூடேறக் காரை அதிகம் படியும். எனவே ஹீட்டரை உச்ச சூட்டில் வைக்காதீர்கள். ஆண்டுக்கொரு முறை திறந்து சுத்தம் செய்யுங்கள்.

கடினநீரால் நமக்கு உண்மையில் நஷ்டம் ஹீட்டரிலும் குழாயிலும் சோப்புச் செலவிலும்தான். ஆகவே எந்தக் கருவியையும் வாங்கும் முன், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து உங்கள் தண்ணீரைச் சோதியுங்கள். கூரையில் விழும் மழைநீர் மென்னீர். 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிகளில் பல இன்று மண்மூடிக் கிடக்கின்றன. அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் சாஃப்ட்னர் விலை பேசுமுன், ஐப்பசி மழைக்குள் அந்தக் குழியைத் தூர்வாரும் தேதியை முடிவு செய்யுங்கள்.