நாற்காலியில் தொழுவது குறையா?

மூட்டு வலியால் ஸுஜூது செய்ய முடியாமல் போனதும், "நாற்காலி போட்டு உட்கார்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?" என்று பள்ளிவாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்கள் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். குறுவை, சம்பா என்று வயல் வரப்பில் நடந்த கால்கள் அவை. அவை தளர்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பலவீனத்தில் பிறந்து, பலம் பெற்று, பிறகு மீண்டும் பலவீனமும் நரையும் அடைவது அல்லாஹ்வின் ஏற்பாடு என்பதை ஸூரா ரூம் 54ஆம் வசனம் கற்பிக்கிறது.

மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டார்கள். நின்று தொழவும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். இது புகாரியில் பதிவாகியுள்ளது. உடல்நலத்தோடு இருந்தபோது செய்துவந்த அமலின் நன்மை, நோயுற்றபோதும் எழுதப்படும் என்ற ஹதீஸும் அதில் உண்டு.

நாற்காலியில் தொழுபவர் ருகூவுக்குச் சற்றுக் குனிந்து, ஸுஜூதுக்கு அதைவிடத் தாழ்வாகக் குனியட்டும்.

பிள்ளைகளே, அத்தாவை வக்துக்குக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். ஸஃப்பில் நாற்காலியை நீங்களே எடுத்துப் போடுங்கள். பெரியவர்களின் அமல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.