புகழும் எண்ணும்

பிறர் தம்மை மதித்தல் வேண்டுமென்னும் விருப்பம் மாந்தர்க்கு இயல்பாயுள்ளது. அம்மதிப்பை எண்ணால் அளந்து வரிசைப்படுத்தினால் நேர்வது யாது? இணையத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

அமெரிக்க நாட்டில் 2004-ஆம் ஆண்டு 'டிக்' என்னும் இணையத்தளம் தோன்றிற்று. ஆங்குச் செய்திகளைத் தேர்ந்தவர் ஆசிரியர் அல்லர், படிப்போரே. ஒருவர் தாம் கண்ட செய்தியைச் சுட்டுவார், ஏனையோர் வாக்களிப்பர், வாக்கு மிக்க செய்தி முதற்பக்கம் ஏறும். எவர் சுட்டிய செய்திகள் மிகுதியாக ஏறினவோ, அவர்தம் பெயர்கள் பட்டியலில் முன்னே நின்றன. ஊதியமின்றி உழைத்தோர்க்கு இது தக்க சிறப்பே.

ஆயின், நாளடைவில் நோக்கம் திரிந்தது. நல்ல செய்தியைத் தேடியவருட் சிலர், தம் பெயரை உயர்த்தும் செய்தியைத் தேடலாயினர். 'என் செய்திக்கு நீ வாக்களி. நின் செய்திக்கு யான் அளிப்பேன்' என்று மொய் எழுதுவது போலக் கொடுக்கல் வாங்கலும் நிகழ்ந்தது. அதனினும் கொடிது ஒன்றுண்டு. பொருள் கொடுத்துத் தம் செய்தியை ஏற்ற விழைந்தோர்க்கு, யாரை அணுகலாமென்பதை அப்பட்டியலே காட்டிக் கொடுத்தது. முதற்பக்கச் செய்தி பலர் விரும்பியதோ, ஒருவர் விலைக்கு வாங்கியதோ, படிப்போர் எங்ஙனம் அறிவர்? 2007-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அத்தளத்தார் பட்டியலையே நீக்கிவிட்டனர்.

1997-இல் தோன்றிய 'ஸ்லாஷ்டாட்' தளத்தார் வேறு வழி கண்டனர். அவர்கள் உறுப்பினர்தம் மதிப்பை முதலில் எண்ணாற் காட்டினர். அதனைச் சிலர் விளையாட்டுப் புள்ளிபோற் குவிக்கக் கண்டு, எண்ணை மறைத்து, 'நன்று', 'மிக நன்று' என்றாற்போன்ற சொற்களை மட்டுமே வைத்தனர்.