வெட்டும் கருவிகளின் தேய்வும் பூச்சும்

மரம் உருக்கை விட மிக மென்மையானது. அவ்வாறாயின் மரத்தை வெட்டும் வாளின் பற்கள் ஏன் மழுங்குகின்றன? "உராய்வினால்" என்று ஒரு சொல்லில் விடை எழுதினால் அது பிழையன்று. ஆனால் முழுப் புள்ளி பெற அது போதாது.

துகட்பலகை, எம்.டீ.எப். எனும் நடுத்தர அடர்த்தி நார்ப்பலகை என்பன தனி மரமல்ல. மரத்துகள்கள் அல்லது நார்கள் யூரியா போமல்டிகைட்டு போன்ற பிசினுடன் கலக்கப்பட்டு, வெப்பமேற்றி அழுத்தப்பட்டே இவை ஆக்கப்படுகின்றன. இறுகிய பிசின் வன்மையானது. மூலப்பொருளுடன் மணலும் சேர்ந்துவிடுவதுண்டு; மணலிலுள்ள சிலிக்கா கருவி உருக்கையே கீறவல்லது. மேலும் இப்பலகைகளின் மேற்படைகள் நடுப்பகுதியை விட அடர்த்தி கூடியவை. ஆகவே மேற்படை தொடும் இடத்திலேயே வெட்டும் விளிம்பு விரைவாகத் தேயும்.

இரண்டாவது காரணம் இரசாயனத் தாக்கம். இதனைப் பலர் எழுத மறந்துவிடுகின்றனர். தங்குதன் காபைட்டுக் கருவியில் வன்மையான காபைட்டு மணிகளைப் பிணைத்திருப்பது கோபாற்று உலோகமாகும். வெட்டும்போது சூடாகும் மரத்திலிருந்தும் பிசினிலிருந்தும் வெளிப்படும் அமிலப் பொருட்கள் கோபாற்றை அரிக்கின்றன. சாந்து கரைந்த சுவரிலிருந்து கல் உதிர்வது போல மணிகள் உதிர்கின்றன.

மழுங்கிய கருவியைத் தள்ள அதிக விசை தேவை. பலகை கருகும், ஓரம் சிதறும், சில வேளைகளில் பலகை வேலை செய்பவரை நோக்கி எறியப்படும். கூரான வாளை விட மழுங்கிய வாளே கைக்கு ஆபத்தானது.

தேய்வைக் குறைக்க, பொன்னிறமான தைற்றேனியம் நைத்திரைட்டு, வெள்ளி நிறமான குரோமியம் நைத்திரைட்டு முதலியன வெற்றிட அறையில் ஆவியாகப் படிவிக்கப்படுகின்றன. பூச்சின் தடிப்பு சில மைக்கிரோமீற்றர் மாத்திரமே. தலைமயிரின் தடிப்பில் பத்திலொரு பங்குகூட இராது. இப்பூச்சு வன்மையானது, உராய்வைக் குறைப்பது, அமிலம் கோபாற்றை அடைவதைத் தடுப்பது.

எனினும் உலோகம் வெட்டும் கருவிகளில் கிடைக்கும் அளவு பயன் இங்கு கிடைப்பதில்லை. மரத்தை வெட்டும் விளிம்பு மிகவும் கூராக இருத்தல் வேண்டும். பூச்சுத் தடித்தால் விளிம்பு உருண்டுவிடும். ஒடுங்கிய ஆப்புக் கோணத்தில் பூச்சு எளிதில் பெயர்ந்தும் விடும். எனவே "வன்மை கூடிய பூச்சே சிறந்தது" என எழுதாதீர்கள். அது அடிப்பொருளுடன் எவ்வளவு உறுதியாக ஒட்டியுள்ளது என்பதும் முக்கியம்.

மாதிரி வினா: பூச்சிட்ட சீவுளி அலகொன்றைத் தச்சர் ஒரு முகத்தில் மட்டும் தீட்டுகிறார். பூச்சின் பயன் முற்றாக அற்றுப்போகுமா?

விடை: இல்லை. தீட்டிய முகத்தில் மட்டுமே பூச்சு நீங்கும். மறுமுகத்தில் எஞ்சிய பூச்சு மெதுவாகவும், அதன் பின்னுள்ள மென்மையான அடிப்பொருள் விரைவாகவும் தேய்வதால், பூச்சின் ஓரம் முன்தள்ளி நின்று தொடர்ந்து வெட்டும். தீட்டிய முகத்தையே பூச்சு நீங்கிய முகமாகக் குறித்து வரிப்படமும் வரைக.