பெரிய படத்தின் மேல் சின்னக் கட்டம்



கேமரா இல்லாத மளிகைக் கடை இன்று குறைவு. ஆனால் கல்லாவுக்கு எதிரே மாட்டிய திரையில் எந்தப் படம் பெரிதாக வர வேண்டும், எது எதன் மேல் நிற்க வேண்டும் என்பதை, கேமரா மாட்ட வந்த பையன்தான் முடிவு செய்துவிட்டுப் போகிறான். நாமும் அப்படியே விட்டுவிடுகிறோம்.

டி.வி.யில் பிரதமர் உரை வரும்போது மூலையில் சின்னக் கட்டத்துக்குள் ஒருவர் சைகை மொழியில் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். நம் கேமராத் திரையையும் அதே மாதிரி அமைக்கலாம். ஒரு கேமராவின் படம் திரை முழுக்க. அதன் மேல் மற்றவை சிறு கட்டங்களாக. கம்ப்யூட்டரில் பார்க்கும் பல மென்பொருள்களில் மவுஸால் பிடித்து இழுத்தால் கட்டம் பெரிதாகும், இடம் மாறும்.

எந்தப் படம் பெரியது? பலரும் கல்லாவைத்தான் பெரிதாக வைக்கிறார்கள். இது வீண். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கல்லா கண்ணெதிரே இருக்கிறது. அவர் கண்ணுக்கு எட்டாதது குடோன் வாசலும் தராசும். தஞ்சாவூர், கும்பகோணம் கடைவீதிகளில் முகப்பு குறுகி, உள்ளே நீண்டு போகும் கடைகள்தாம் அதிகம். லாரி நிற்கும் பின்வாசலைப் பெரிய படமாக வையுங்கள்.

சின்னக் கட்டத்தின் அடியில் இருப்பது திரையில் தெரியாது. அது வெறும் சுவர் மேல் இருக்கட்டும். மூட்டை இறக்கும் இடத்தை மறைக்கக் கூடாது. திரையில் மறைந்தது பதிவில் மறைவதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய பதிவுக் கருவிகள் ஒவ்வொரு கேமராவையும் தனித்தனியாகப் பதிகின்றன. ஒரு மூட்டை குறைகிறது என்றால் லோடுமேனைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தக் கேமராவின் பதிவைத் தனியாக, முழுத் திரையில் ஓட்டிப் பாருங்கள். திரையில் பார்க்காததை வைத்து ஒரு தொழிலாளி மேல் பழி போட்டால், பிறகு எண்ணிக்கை சரியாக வந்தாலும் அந்த மனிதர் திரும்ப வர மாட்டார்.

வீடியோ டேப் இருந்த நாளில் நிலைமை வேறு. நான்கு கேமராப் படங்களை ஒரே சட்டத்தில் அடக்கி ஒரே டேப்பில் பதிவார்கள். ஒவ்வொன்றுக்கும் கால் பங்கு தெளிவுதான். இழந்ததை மீட்க வழியில்லை.

இப்போதும் திரையில் ஒரு கணக்கு உண்டு. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையில் ஒன்பது கட்டம் போட்டால் ஒரு கட்டத்துக்கு 640 × 360 தான். கட்டமாகக் காட்டும்போது பல கருவிகள் தெளிவு குறைந்த துணைப் படத்தையே அனுப்புகின்றன. அதை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கல்தான் பெரிதாகும். எழுத்து புதிதாகத் தெரியாது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபின், நம் பக்கத்தில் 26 கிலோ சிப்பம் புறப்பட்டதே, நினைவிருக்கிறதா? (அந்த ஒரு கிலோ பட்ட பாடு தனிக் கதை.) சின்னக் கட்டத்தில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆகவே கேமரா மாட்டியவருக்குப் பாக்கியைக் கொடுப்பதற்கு முன், சிப்பம் ஒன்றைத் தராசில் நிறுத்தி, பதிவை ஓட்டி, அதன் மேல் அச்சிட்ட எடையைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் கேமராவைக் கிட்டே மாற்றச் சொல்லுங்கள்.

தகராறு வந்தால் திரையைக் கைபேசியில் படம் பிடித்து வைப்பது சிலர் பழக்கம். சின்னக் கட்டம் மறைத்தது அதில் மறைந்தே போகும். கருவியிலிருந்து அந்தக் கேமராவின் பதிவை நேராகப் பென்டிரைவில் எடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழும் தேவை, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்டு டிஸ்க் நிரம்பினால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். உங்கள் கருவியில் எத்தனை நாள் நிற்கிறது என்று இன்றே பாருங்கள். மாதக் கடைசியில்தான் இருப்புக் கணக்குப் பார்ப்பவர்கள், அதுவரை நிற்கும் அளவுக்குப் பெரிய டிஸ்க் போடுவது அவசியம்.